கச்சேரிப் பதிவு: ரெக்கார்டரை எங்கே வைப்பது, லெவல் எவ்வளவு வைப்பது

கையடக்க டிஜிட்டல் ரெக்கார்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த மாடல் என்பதைத்தான். கர்நாடக இசைக் கச்சேரிக்கு ஜூம் எச்1என், எச்4என் ப்ரோ, டாஸ்காம் டிஆர்-05எக்ஸ், டிஆர்-40எக்ஸ் ஆகியவற்றில் எதை வாங்கினாலும் நல்ல பதிவு எடுக்கலாம். பதிவின் தரத்தைப் பெரிதும் முடிவு செய்பவை கருவி நிற்கும் இடமும் நீங்கள் வைக்கும் லெவலும், அதாவது ஒலியைப் பதியும் அளவும்தான். விலை உயர்ந்த கருவியைக் கடைசி வரிசையில் மடியில் வைத்து எடுத்த பதிவைவிட, சாதாரணக் கருவியைச் சரியான இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்த பதிவு எப்போதும் கேட்க நன்றாக இருக்கும்.

மாடல்களுக்குள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. எச்1என், டிஆர்-05எக்ஸ் இரண்டிலும் வெளியிலிருந்து ஒலி கொடுக்க 3.5 மி.மீ. துளை மட்டுமே. எச்4என் ப்ரோ, டிஆர்-40எக்ஸ் இரண்டிலும் எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று முனைத் தொழில்முறை மைக் துளைகள் உண்டு. உள்மைக்கையும் வெளி இணைப்பையும் சேர்த்து நான்கு சேனலாக, அதாவது நான்கு தனித்தனி ஒலித் தடங்களாகப் பதியலாம். மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து (எல்லா மைக்கின் ஒலியையும் கலக்கும் கருவி) ஒலி எடுக்கும் எண்ணம் இருந்தால் இரண்டாவது வகையை வாங்குங்கள்.

அனுமதி இல்லாமல் எதையும் பதிய வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 38-ஆம் பிரிவு கலைஞருக்குத் தம் நிகழ்ச்சியின் மீது 50 ஆண்டு உரிமை தருகிறது. சொந்த உபயோகத்துக்கோ கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ பதிவு செய்வதை 39-ஆம் பிரிவு மீறலாகக் கருதுவதில்லை. ஆனால் சபா தன் அரங்கில் பதிவைத் தடை செய்திருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். இணையத்தில் ஏற்றுவது தனி விஷயம், அதற்குக் கலைஞரின் சம்மதம் தனியாக வேண்டும். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் ஸ்டாண்ட் வைக்க இடமும் கிடைக்கும், மைக்செட்காரரின் உதவியும் கிடைக்கும். ஒளித்து வைத்த கருவிக்கு நல்ல இடம் ஒருநாளும் கிடைக்காது.

அமைப்புகளை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இதற்கு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். 32 ஜிபி கார்டில் சுமார் 30 மணி நேரம் பிடிக்கும். 96 கிலோஹெர்ட்ஸ் போட்டால் இடம் இரட்டிப்பாகும், சபாவில் எடுக்கும் பதிவில் காதுக்கு வித்தியாசம் தெரியாது. 24 பிட்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: லெவலைத் தாராளமாகக் குறைத்து வைத்துவிட்டு, பிறகு கணினியில் உயர்த்தினாலும் இரைச்சல் மேலே வராது. எம்பி3-யில் நேரடியாகப் பதிவது வேண்டவே வேண்டாம். கார்டைக் கணினியில் இல்லாமல் ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள். தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பல வருடம் கழித்து இது எந்தக் கச்சேரி என்ற கேள்விக்குக் கோப்பின் தேதிதான் பதில் சொல்லும்.

அணைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, லெவலைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ லெவல். அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. கச்சேரியில் பாடகர் மந்திர ஸ்தாயியில் மெதுவாகப் பாடும்போது அது கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றும், ஏசி இரைச்சலும் கூடவே ஏறும்; தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் மிருதங்கத்தின் ஒவ்வொரு பலமான சொல்லுக்கும், அதாவது அடிக்கும், மொத்த ஒலியும் அமுங்கி எழும். இதைப் பிறகு எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. மற்றொன்று, தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை வெட்டும் லோ கட். 80 ஹெர்ட்ஸ் வரை பாதகமில்லை, அதற்கு மேல் போகக் கூடாது. 1 கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் சுமார் 98. லோ கட்டை 120-இல் வைத்தால் அந்தப் பஞ்சமமும் மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் முகமான தொப்பியின் நாதமும் சேர்ந்தே மெலியும்.

அடுத்தது இடம். மைக் இல்லாத வீட்டுக் கச்சேரி, சிறிய அரங்கம் என்றால் வேலை சுலபம். பாடகருக்கு நேரே இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர் தூரத்தில், உட்கார்ந்திருக்கும் பாடகரின் முகத்தைவிட ஓரடி உயரத்தில், சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். வழக்கமான அமர்வில் பாடகருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். வலக்கை வாசிப்பவரின் வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் கூர்ந்த ஒலி தரும் முகம், இதனால் நேராகச் சபையைப் பார்த்திருக்கும். அதன் கூர்மையான சொற்கள் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு மைக்கில் விழும். ஆகவே நடுவிலிருந்து ஓரடி வயலின் பக்கம் நகர்த்துங்கள். இரண்டடிக்கு மேல் போனால் பாட்டு ஒரு பக்கம் சாய்ந்து கேட்கும். மிருதங்கக் கலைஞர் இடக்கை வாசிப்பவர் என்றால் அமர்வு மாறலாம், நகர்த்தும் திசையும் மாறும். உள்மைக்குகளின் கோணத்தை மாற்ற முடிந்தால், இவ்வளவு அருகில் 120 பாகை, தூரம் போகப்போக 90 பாகை. டிஆர்-05எக்ஸில் இருப்பவை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும் மைக்குகள். அதை இன்னும் கொஞ்சம் அருகில் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

ஸ்பீக்கர் வைத்த சபாவில் கணக்கு வேறு. மேடைக்கு மிக அருகே முதல் வரிசையின் நடுவில் வைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அங்கே விழுவது மிருதங்கத்தின் நேரடி ஒலியும் கலைஞர்களுக்காக மேடையில் வைத்த மானிட்டரின் ஒலியும்தான். பாடகரின் குரல் பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் வழியாக உங்கள் தலையைத் தாண்டிப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். இரண்டு ஸ்பீக்கர்களும் ரெக்கார்டரும் ஏறக்குறைய சமபக்க முக்கோணமாக அமையும் இடத்தைத் தேடுங்கள். ஸ்பீக்கர்களுக்கு இடையே 10 மீட்டர் என்றால், அவற்றை இணைக்கும் கோட்டிலிருந்து எட்டரை மீட்டர் உள்ளே, நடுக்கோட்டில். நடுக்கோட்டை விட்டு விலகினால் ஒரு பக்க ஸ்பீக்கர் முந்திக்கொள்ளும். இன்னும் பின்னால் போனால் அரங்கின் எதிரொலி பெருகி, வேகமான பிருகாக்கள் (விரைந்து உதிரும் ஸ்வரக் கோவைகள்) ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

உயரம் இங்கே இன்னும் முக்கியம். ஸ்டாண்டின் உச்சி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் குறைந்தது இரண்டடி இருக்கட்டும். தொடையில் தாளம் போடுவதும், பக்கத்துச் சீட்டு ‘பலே’யும், பிளாஸ்டிக் பை சலசலப்பும் அதனால் பாதியாகக் குறையும். கருவியின் அடியில் காமிராக்களுக்குப் பொதுவான கால் அங்குலத் திருகுக்கான துளை இருக்கும். சாதாரண காமிரா டிரைபாடே போதும். மரப் பலகைத் தளம் என்றால் கால்களுக்கு அடியில் ஸ்பாஞ்சுத் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் நடப்பவர்களின் காலடி ‘தொம் தொம்’ என்று பதியும். கூரை மின்விசிறிக்கு நேர் கீழேயும் ஏசி காற்று வாய்க்கு எதிரேயும் வைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் ஸ்பாஞ்சு உறை கட்டாயம். கைப்பேசியைக் கருவியிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். ரெக்கார்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் இடது வலது மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

லெவலுக்கு வருவோம். மீட்டரின் மேல் எல்லை சுழியம், அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். வர்ணத்தில் உச்சங்கள் மைனஸ் 18 டெசிபெல்லைத் தொடும்படி வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். கல்பனாஸ்வரத்திலும் தனியிலும் அது மைனஸ் 10 வரை ஏறும். தனி முடிந்து பக்கத்தில் கைதட்டல் வெடிக்கும்போதும் சுழியத்தைத் தொடாமல் தப்பும். மீட்டர் குறைவாகக் காட்டுகிறதே என்று நடுவில் ஏற்றுவதுதான் பெரும்பாலான பதிவுகளைக் கெடுக்கிறது. சுழியத்தைத் தொட்ட உச்சம் வெட்டுப்பட்டுவிடும், திரும்ப வராது. சுருதி சேர்க்கும்போது லெவல் வைப்பதும் பிழை, அது கச்சேரியின் ஒலியில் ஒரு பங்குகூட இல்லை. ஜூம் எச்1எசென்ஷியல் போன்ற 32 பிட் ஃப்ளோட் (மிகப் பரந்த ஒலி அளவுகளைப் பதியும் கோப்பு வகை) கருவிகளில் லெவல் கவலை இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் மைக்கின் சொந்தத் தாங்குதிறனுக்கு அங்கும் எல்லை உண்டு.

அந்த எல்லை நாகஸ்வரம், தவில் பதிவில் வெளிப்படும். எச்1என்-இன் உள்மைக் 120 டெசிபெல் ஒலியழுத்தம் வரைதான் தாங்கும். இரண்டு நாகஸ்வரமும் இரண்டு தவிலும் வாசிக்கும் இடத்தில் ஒன்றரை மீட்டரில் நின்றால் மீட்டர் மைனஸ் 12 காட்டினாலும் ஒலி கரகரக்கலாம். மைக்கே திணறிவிட்ட பிறகு கெயினைக் குறைத்துப் பயனில்லை. ஐந்தாறு மீட்டர் பின்வாங்குங்கள். கோயில் பிராகாரத்தின் கல் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பும், தவில் தெளிவாக வேண்டுமென்றால் சுவரோரத்தைவிட மண்டபத்தின் திறந்த பக்கம் மேல்.

மிக்சரிலிருந்து எடுப்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கலவை அரங்கத்துக்காகச் செய்யப்பட்டது. மிருதங்கம் மேடையிலிருந்தே பலமாகக் கேட்பதால் மைக்செட்காரர் அதைக் குறைத்து வைத்திருப்பார். கம்பியில் வருவது குரல் பெரிதாகவும் மிருதங்கம் சிறிதாகவும் இருக்கும் வறண்ட ஒலி. கைதட்டல்கூடத் தூரத்தில் கேட்கும். அதனால்தான் நான்கு சேனல்: குரலின் தெளிவு கம்பியிலிருந்து, அரங்கின் உயிர் உள்மைக்கிலிருந்து. கலக்கும்போது கம்பி ஒலியைத் தாமதப்படுத்த வேண்டும். ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லிவினாடி ஆகும். ரெக்கார்டர் ஸ்பீக்கரிலிருந்து 9 மீட்டரில் இருந்தால் ஏறத்தாழ 26 மில்லிவினாடி. இரண்டு தனித்தனிக் கருவிகளில் பதிந்தால் அவற்றின் கடிகாரங்கள் மெல்ல விலகி, மங்களத்தில் தாளம் இரட்டித்துக் கேட்கும். ஒரே கருவியில் பதிவதே நல்லது.

இணைப்பில் வழக்கமாக நடக்கும் கோளாறுகளையும் சொல்கிறேன். தொழில்முறை மிக்சரின் வெளியீடு சுமார் 1.2 வோல்ட், அதை மைக் துளையில் கொடுத்தால் கெயின் எவ்வளவு குறைத்தாலும் சிதையும். டிஆர்-40எக்ஸில் சுவிட்சை லைனில் (மிக்சர் போன்றவற்றின் பலமான ஒலிக்கான நிலை) வைக்கலாம். மற்றவற்றில் மைக்செட்காரரிடம் ஆக்ஸ் அவுட்டை (மிக்சரின் துணை வெளியீடு) குறைத்துத் தரச் சொல்லுங்கள். மைக்குக்குக் கம்பி வழியே மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் அணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கம்பியைச் செருகுங்கள். ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிராக அனுப்பும் சமநிலை வெளியீட்டிலிருந்து ஸ்டீரியோ கம்பியை நேராக 3.5 மி.மீ. துளைக்குக் கொண்டுவந்தால், இடதும் வலதும் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பிவிடும். ஹெட்ஃபோனில் விசித்திரமாகக் கேட்கும், ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கைப்பேசியில் பாட்டே காணாமல் போகும். ஏற்கெனவே அப்படிப் பதிந்துவிட்டால் கவலை வேண்டாம், இடது சேனலை மட்டும் எடுத்து இரண்டிலும் போடுங்கள். 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்’ இரைச்சல் வந்தால் ரெக்கார்டரின் மின் அடாப்டரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், பெரும்பாலும் அதோடு நிற்கும்.

பேட்டரி புதிதாகவோ முழுதாகச் சார்ஜ் ஏற்றியதாகவோ இருக்கட்டும். நிக்கல் வகை போட்டால் மெனுவிலும் அதையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மீதி அளவு பொய் சொல்லும். பவர் பேங்க் நம்பிக்கைக்குரியது அல்ல: ரெக்கார்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்க்குகள் எதுவும் இணைக்கவில்லை என்று கருதித் தாமே அணைந்துவிடும். வீட்டில் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்ததை மட்டும் கொண்டுபோங்கள்.

பதிவுப் பொத்தானைப் பற்றி எச்சரிக்கை. எச்4என், டாஸ்காம் கருவிகளில் முதல் அழுத்தம் காத்திருப்பு நிலை மட்டுமே; சிவப்பு விளக்கு மினுங்கும், மீட்டர் ஆடும், எதுவும் பதியாது. இரண்டாவது அழுத்தத்தில்தான் விளக்கு நிலையாக எரியும். மீட்டரை நம்பாதீர்கள், விநாடி எண்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடத் தொடங்கியதும் இடம், தேதி, கலைஞர்கள் பெயரை மெதுவாகச் சொல்லிவிட்டு, பொத்தான்களைப் பூட்டும் ஹோல்ட் சுவிட்சைப் போடுங்கள்.

பெரும்பாலான கருவிகள் 2 ஜிபி ஆனதும் புதுக் கோப்பைத் தொடங்கும். 48/24-இல் அது சுமார் 2 மணி 4 நிமிடம், அதாவது இரண்டரை மணிக் கச்சேரியில் சரியாகத் தனியின் நடுவில் விழலாம். ஒலி எதுவும் தொலையாது. ஆடாசிட்டி எனும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒட்டினால் போதும்.

மூலக் கோப்புகளைத் தொடாமல் இரண்டு வட்டுகளில் நகல் எடுத்த பிறகே கார்டை அழியுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியைத் தம்புரா ஒலிக்கும் பதிவில் பயன்படுத்தவே கூடாது: மாறாமல் தொடரும் ஒலியைத்தான் அது இரைச்சல் என்று கொள்ளும், தம்புராவும் அப்படித்தான் ஒலிக்கிறது, அதைத் தின்றுவிட்டுக் குரலைச் சுற்றி நீர்க்குமிழி போன்ற சத்தத்தை விட்டுச்செல்லும். உச்சத்தை மைனஸ் 1-க்கு உயர்த்துங்கள், உருப்படிகளாகப் பிரியுங்கள், கைதட்டலை மெல்லத் தேயவிடுங்கள். தனிக்கும் ஆலாபனைக்கும் உள்ள ஒலி வேறுபாட்டைச் சமப்படுத்த வேண்டாம். சேமிக்க ஃபிளாக், தரம் குறையாமல் இடம் கணிசமாக மிச்சமாகும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், பாடகர், அரங்கம். கூடவே ஒரு குறிப்புக் கோப்பில் உருப்படி, ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியக்காரர்கள் எல்லார் பெயரும். கலைஞருக்குத் தரும் நகலில் முழுக் கச்சேரியும் இருக்கட்டும். அவர்களுக்கு வேண்டிய இடம் எது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.