அக்கா மகனுக்கு டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

மண் தடத்தில் பைக் ஓட்டும் பந்தயமான மோட்டோகிராஸ் பழக வேண்டும் என்று ஓராண்டாகச் சொல்லிவந்த என் அக்கா மகன், அதற்கான பணத்தைச் சென்ற மாதம் சேர்த்துவிட்டான். பெங்களூரிலேயே இரண்டு பழைய வண்டிகள் விலைக்கு வந்திருக்கின்றன: ஒன்று 125 சிசி டூ ஸ்ட்ரோக், மற்றது 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். “எதை எடுக்கட்டும், மாமா?” என்று அல்சூர் வீட்டு வாசலில் நின்று அவன் கேட்டபோது உடனே பதில் சொல்ல முடியவில்லை. முதலில் ஃபோர் ஸ்ட்ரோக்கும் பிறகு டூ ஸ்ட்ரோக்கும் வைத்து ஓட்டியவன் என்ற முறையில், யோசித்து அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் சுற்றும் ஒவ்வொரு முறையும் எரிபொருள் எரிகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிகிறது. இதனால் ஒரே சிசியில் டூ ஸ்ட்ரோக்குக்கே வலு அதிகம்; அதனால்தான் 125 சிசி டூ ஸ்ட்ரோக்குக்கு எதிராக 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கைப் பந்தய விதிகள் ஒரே பிரிவில் நிறுத்தின. 1997-இல் லாஸ் வேகஸில், மைதானத்துக்குள் நடக்கும் சூப்பர்கிராஸ் போட்டியில் அமெரிக்கப் பந்தய வீரர் டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் சோதனை வண்டியில் வென்றதும், அடுத்த ஆண்டே ஒய்இசட் 400 எஃப் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்ததும் பந்தயக் களத்தையே மாற்றிவிட்டன. ஆனால் வண்டித் தயாரிப்பாளர்களின் பந்தய அணிகள் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியதால் வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவனும் மாற வேண்டும் என்பதில்லை. அந்த அணிகளுக்கு இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு அல்சூர் மெக்கானிக் அண்ணன் ஒருவர்தான் இருக்கிறார்.

என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். பந்தய ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 13,000 சுற்றுகள் வரை போகக்கூடியது. அதன் டைட்டானியம் வால்வுகளின் மேற்பூச்சு தேயத் தொடங்கியதும், வால்வுக்கும் அதை இயக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் டேப்பெட் இடைவெளி வேகமாகக் குறைந்துவிடும். சூடான வண்டி கிக்கருக்குப் பிடிக்காமல் அடம்பிடிப்பது அதற்கு முதல் அறிகுறி. என் வண்டி அந்த அறிகுறியைப் பல வாரங்கள் காட்டியும், கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து, அதில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட்டை மட்டும் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலார் பக்கத்துத் தடத்தில் வால்வின் தலை முறிந்து பிஸ்டன்மேல் விழுந்தது. பிஸ்டன், சிலிண்டர், ஹெட் மூன்றும் ஒரே நொடியில் போயின. உதிரிபாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை வண்டி மாதக்கணக்கில் சாக்குக்கு அடியில் கிடந்தது. மீட்க ஆன தொகை இன்னொரு பழைய வண்டிக்குப் பாதி விலை.

டூ ஸ்ட்ரோக்கில் இந்த மாதிரி வால்வும் இல்லை, அதைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டும் இல்லை. பிஸ்டனும் ரிங்கும் ஃபோர் ஸ்ட்ரோக்கைவிடச் சீக்கிரம் தேயும் என்பது உண்மை; ஆனால் ஒரு பிற்பகலில் அவற்றை மாற்றிவிடலாம், செலவும் தாங்கக்கூடியது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஆர்எக்ஸ் 100-இல் பல்லாண்டுகள் கைபழகிய நம் மெக்கானிக்குகள் சிலிண்டரைப் பார்த்ததும் போர் போடத்தான் நினைப்பார்கள். ஆர்எக்ஸ் சிலிண்டரின் உள்ளே வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருப்பதால் அதைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். இக்கால மோட்டோகிராஸ் சிலிண்டரின் உட்சுவரிலோ நிக்கல் பூச்சு இருக்கிறது, அதைக் கடைந்தால் பூச்சு போய்விடும்.

டூ ஸ்ட்ரோக் கேட்கும் கவனிப்பு வேறு வகையானது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி ஆயில் என்றால் 40-க்கு 1. தயாரிப்பாளர் சொன்ன அளவை அளந்தே ஊற்ற வேண்டும், கண்மதிப்பு கூடாது. இப்போதைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை உறிஞ்சுவதால், ஆயில் கலந்த பெட்ரோலை அடுத்த மாதத்துக்கென்று கேனில் வைக்காமல் அன்றன்றைக்கே கலப்பது நல்லது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதையும் மறக்கக் கூடாது. சென்னையில் ஜெட் அமைக்கப்பட்ட என் 125 இங்கே வந்த முதல் வாரத்தில் பிளக்கைக் கருப்பாக்கி நனைத்துக்கொண்டே இருந்தது. காற்று மெலிந்த ஊரில் அதே ஜெட் பெட்ரோலை மிகையாகக் கொடுத்துவிட்டது. மெயின் ஜெட்டைச் சிறியதாக மாற்றியபின் சரியாயிற்று. ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக்கில் இந்தத் தொல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஓட்டும்போது இரண்டும் வேறு வேறு பாடம் சொல்லித்தருகின்றன. ஃபோர் ஸ்ட்ரோக் கீழிருந்தே சீராக இழுக்கும், திராட்டிலை விட்டதும் இன்ஜினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். மழை பெய்து செம்மண் வழுக்கும் நாளில் இது பெரிய துணை. நாற்பதைத் தாண்டிய எனக்கு, உடம்பு நோகாமல் ஒரு மணி நேரம் ஓட்ட அதுவே சுகம் என்று இன்றும் தோன்றுகிறது. 125 டூ ஸ்ட்ரோக் கீழே தூங்கும், மேலே திடீரென்று பாயும். அந்தக் குறுகிய பாய்ச்சலுக்குள்ளேயே வண்டியை வைத்திருக்கக் கியரையும் கிளட்ச்சையும் ஓயாமல் இயக்க வேண்டும், வளைவுக்குள் வேகத்தை விடாமல் நுழைய வேண்டும், பிரேக்கை நம்பியே குறைக்க வேண்டும். தவறான கோட்டில் போனால் திராட்டிலை முறுக்கித் தப்பிக்க அதில் வலு இல்லை. இருபத்துமூன்று வயதில் பழகத் தொடங்குகிறவனுக்கு இந்தக் கண்டிப்பு தேவை என்பது என் உறுதியான எண்ணம். 125 டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்த யமஹா ஒய்இசட் 125 ஏறத்தாழ 95 கிலோதான். விழுந்த வண்டியைத் திரும்பத் திரும்பத் தூக்கி நிறுத்தும் முதல் ஆண்டில் அந்த இலேசு எவ்வளவு உதவும் என்பது விழுந்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே 125-ஐ எடுக்கச் சொன்னேன். சிலிண்டரைக் கழற்றி உட்சுவரில் கீறல் இருக்கிறதா, கனெக்டிங் ராடு மேலும் கீழும் ஆடுகிறதா, கிராங்க் சீல் காற்றை விடுகிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னேன். சீல் கசிந்தால் வெளிக்காற்று புகுந்து, பெட்ரோல் கலவை மெலிந்து பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். சாலையில் பதிவு செய்ய முடியாத வண்டி என்பதால் எடுத்துவர டாடா ஏஸ் பேசியாயிற்று. கழற்றிக் காட்ட விற்பவர் சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை காலை மெக்கானிக் அண்ணனும் எங்களுடன் வருகிறார்.