வரைபுத்தாளும் பாட்டும்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது பள்ளி நினைவுகளை. நான் எழுதியிருப்பதோ பெரும்பாலும் இசைக் காணொளிகளையும் இசைத்தட்டு உறைகளையும் திரைப்படங்களின் தலைப்புக் காட்சிகளையும் பற்றியது. இரண்டையும் பிரித்து எழுத எனக்கு இயலவில்லை; வடிவமைப்பாளனாகப் பிறருடைய வேலையை மதிப்பிட நான் இன்றும் கைக்கொள்ளும் அளவுகோலை நம் சித்திர ஆசிரியரே தந்தார். அவர் ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் வரைபுத்தாளில் ஒரு கட்டத்தை ஒதுக்கி, கேட்டதை அதில் குறிக்கச் சொல்வார். பாட்டில் நிலா வருகிறது என்பதற்காக நிலாவை வரைந்தவர்களுக்கு அவரிடம் புள்ளி கிடைத்ததில்லை. எந்த வாத்தியம் எங்கே நுழைந்தது, எங்கே ஓய்ந்தது, எது திரும்பத் திரும்ப வந்தது என்பதையே அவர் தாளில் தேடுவார்.

பல ஆண்டுகளுக்குப் பின், தொழிலுக்கு வந்த காலத்தில், பிரெஞ்சு இயக்குநர் மிஷேல் கோந்த்ரி கெமிக்கல் பிரதர்ஸ் என்ற மின்னணு இசை இரட்டையருக்காக 2002இல் எடுத்த 'ஸ்டார் கிட்டார்' காணொளியைப் பார்த்தபோது எனக்கு அந்த வகுப்பு நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஓடும் ரயிலின் யன்னல் வழியே தெரியும் நிலக்காட்சி மட்டுமே அதில் உண்டு. பாடகர் இல்லை, நடனம் இல்லை, கதையும் இல்லை. முதலில் சாதாரணப் பயணக் காட்சி போலத்தான் இருக்கும். சிறிது நேரம் சென்றபின்தான், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கட்டடமோ கம்பமோ கடந்து போவதையும், புதிய ஒலியொன்று சேரும்போது நிலத்தில் புதிய பொருளொன்று முளைப்பதையும் கண் பிடித்துக்கொள்கிறது. இதைத் திட்டமிட்டபோது கோந்த்ரி பாட்டை வரைபுத்தாளில் குறித்தார் என்பதையும், தோடம்பழங்கள், முட்கரண்டிகள், புத்தகங்கள், சப்பாத்துகள் ஆகியவற்றை வரிசையாக அடுக்கி அதற்கு ஒரு மாதிரி செய்து பார்த்தார் என்பதையும் பின்னர் அறிந்தேன். இன்றைய மென்பொருள்கள் ஒலியை அலைவடிவமாகத் திரையில் காட்டிவிடுகின்றன. ஆனால் அந்த அலை ஒலியின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே சொல்லும். பின்னால் மெதுவாக நுழையும் தந்தி வாத்தியத்தை அதில் தனியே காண முடியாது. அதைக் காதுதான் பிரித்தெடுக்க வேண்டும்.

இதே கோந்த்ரி 1997இல் டாஃப்ட் பங்க் குழுவின் 'அரவுண்ட் த வேர்ல்ட்' பாட்டுக்குச் செய்தது இன்னும் வெளிப்படையானது. படிகளில் ஏறி இறங்கும் விளையாட்டு வீரர்கள் தாழ்சுருதிக் கிட்டாரின் ஏற்ற இறக்கத்தை ஆடுகிறார்கள், இயந்திர மனிதர்கள் பாடும் குரல், எலும்புக்கூடுகள் கிட்டார், துணி சுற்றிய மம்மிகள் தாள இயந்திரம், நீச்சலுடைப் பெண்கள் சிந்தசைசர். பிளாங்கா லீ அமைத்த அந்த நடனத்தில் எவரும் தம் வாத்தியம் ஒலிக்காத இடத்தில் அசைவதில்லை என்றே சொல்லிவிடலாம். இதைவிடத் தெளிவான இசைப் பாடத்தை நான் எந்த வகுப்பிலும் பெற்றதில்லை.

இந்த எண்ணம் கோந்த்ரியுடன் தொடங்கியதன்று. நியூசிலாந்தில் பிறந்த லென் லை, பிரித்தானிய அஞ்சல் துறையின் திரைப்படப் பிரிவுக்காக 1935இல் 'எ கலர் பாக்ஸ்' என்ற குறும்படத்தைப் படச்சுருளின் மீதே வண்ணம் தீட்டி உருவாக்கினார். கோடுகளும் புள்ளிகளும் நடன இசைக்கு ஆடிக்கொண்டே வந்து, இறுதியில் பொதி அனுப்பும் கட்டணத்தை அறிவிக்கின்றன. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் நார்மன் மக்லாரன், ஈவ்லின் லாம்பார்ட்டுடன் சேர்ந்து, ஆஸ்கார் பீட்டர்சனின் ஜாஸ் இசைக்கு 1949இல் 'பிகோன் டல் கேர்' படத்தைத் தீட்டியும் கீறியும் செய்தார். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் சுருளில், நிமிடத்துக்கு 120 தட்டுகள் கொண்ட இசையின் ஒரு தட்டு சரியாக 12 சட்டகங்களுக்கு வரும் என்ற கணக்கு தெரிந்தால், இவர்களுடைய பொறுமை எத்தகையது என்பது விளங்கும். மக்லாரன் 1971இல் செய்த 'சிங்க்ரமி' இதற்கும் அப்பால் போகிறது. பழைய படச்சுருளின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒரு குறுகிய பட்டை இருக்கும். அதனூடாகப் பாயும் ஒளியின் மாற்றத்தை ஒளிமின்கலம் மின்சாரமாக்க, அது ஒலியாகிறது. மக்லாரன் அந்தப் பட்டையில் வடிவங்களைப் பதித்து இசையை உண்டாக்கினார். அதே வடிவங்களுக்கு வண்ணமிட்டு திரையிலும் வைத்தார். காண்பதும் கேட்பதும் அங்கே ஒரே கோடுகள்தாம்.

நம் சினிமாவிலும் 1948இலேயே, எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா'வில், பெரும் முரசுகளின் மேல் நடனமாடினார்கள். ஒலிக்கும் கருவியையே மேடையாக்கிய அந்த யோசனைக்கு இணையானவை குறைவு. முரசுக்குள் வீரர்கள் மறைந்திருந்தார்கள் என்பது கதைக்கு வேண்டியது. எனக்கு வேண்டியது முரசின் மேற்பரப்பு.

தலைப்புக் காட்சிகளில் நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது, ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்துக்கு 1959இல் சோல் பாஸ் அமைத்தது. பச்சைத் திரையில் சாய்ந்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஒரு வலையாகின்றன. பெயர்கள் அக்கோடுகளின் வழியே வழுக்கி வந்து நிற்கின்றன. பிறகு அந்த வலையே, வீதிப் போக்குவரத்து பிரதிபலிக்கும் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முகப்பாக மாறிவிடுகிறது. பெர்னார்ட் ஹெர்மனின் இசை துரத்த, படத்தின் அவசரம் முழுவதும் எழுத்துகளிலேயே வந்துவிடுகிறது.

அசையாத படத்திலும் இது நடக்கக்கூடும் என்பதற்கு என் சான்று, ஜாய் டிவிஷன் குழுவின் 1979ஆம் ஆண்டு இசைத்தட்டுக்குப் பீட்டர் சாவில் வடிவமைத்த உறை. கருப்பில் வெள்ளையாக அடுக்கப்பட்ட அந்த மலைத்தொடர் போன்ற கோடுகள், 1967இல் ஜோசலின் பெல் கண்டறிந்த முதல் துடிவிண்மீனின் (சுழன்றபடி சீரான இடைவெளியில் துடிப்புகளை அனுப்பும் விண்மீன்) வானொலித் துடிப்புகள், ஏறத்தாழ 1.34 நொடிக்கு ஒன்றாக வருபவை, ஒன்றன்கீழ் ஒன்றாக வரையப்பட்டிருக்கின்றன. அதை ஒரு வானியல் கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்து வெள்ளையில் கருப்பாக இருந்ததை மாற்றியதும், முகப்பில் குழுவின் பெயரைக்கூட அச்சிடாமல் விட்டதுமே வடிவமைப்பு. இன்று அது எல்லா மேலாடைகளிலும் ஏறிவிட்டது பற்றி எனக்குச் சற்று வருத்தம் உண்டு. அணிந்திருப்பவர்களிடம் நான் அதைச் சொல்வதில்லை.

ஒவ்வொரு தட்டுக்கும் காட்சியை வெட்டி மாற்றும் காணொளிகளை நான் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை. தாளம் வெட்டில் மட்டும் இருக்கிறது, படத்துக்குள் எதுவும் அசைவதில்லை. ஆனால் என் அளவுகோலுக்குச் சற்றும் அடங்காத ஒன்றையும் நான் விரும்புகிறேன் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பீட்டர் கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்' (1986) பாட்டுக்கு ஸ்டீவன் ஜான்சன் இயக்கிய காணொளியில், பாட்டில் நீராவி ரயில் என்று வந்தவுடன் பாடகரின் தலையைச் சுற்றிப் பொம்மை ரயில் ஓடுகிறது. சொல்லுக்குச் சொல் படம். ஆனாலும் அதில் களிமண்ணையும் பழங்களையும் மனித முகத்தையும் சட்டகம் சட்டகமாகக் கையால் நகர்த்தி எடுத்திருக்கிறார்கள். கேப்ரியல் அதற்காகப் பல மணி நேரம் ஒரு கண்ணாடித் தகட்டின் கீழ் படுத்திருந்தார். அவ்வாறு எடுத்த படத்தில் எந்தப் பொருளும் முழுதாக அசையாமல் நிற்க முடியாது. தோல்கூட மெல்ல நடுங்குகிறது. பாட்டின் தாளத்தோடு சேராத அந்த நடுக்கம், எனக்கு அதன் மேளத்தைவிட நன்றாகப் பிடித்திருக்கிறது.