கல்லெழுத்து ஆசை

நாளை வரலாற்றுத் துறையில் மூன்றாம் ஆண்டு தொடங்குகிறது. மதிப்பெண் சரி, அது வரும். இந்த வருடம் ஒரு சோழர் கல்வெட்டையாவது யார் துணையும் இல்லாமல் படித்துவிட வேண்டும்.

போன மாதம் தஞ்சைப் பெரிய கோயிலில் முயன்று பார்த்தேன். 'ஸ்வஸ்திஸ்ரீ', அப்புறம் 'திருமகள் போல' வரை வந்தேன், அதற்கு மேல் நகரவில்லை. கல்லில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்பதையும் இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கல்லெழுத்தைத் தாளில் பதித்தெடுக்கும் மைப்படி எடுக்கவும் பழக வேண்டும்: கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி, மை ஒற்றுவது. பிறகு, தமிழின் பழைய எழுத்து வடிவங்களில் ஒன்றான வட்டெழுத்து.

எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டில் பாதியைச் சுண்ணாம்பு மூடிவிட்டது. மீதியைப் பொங்கலுக்குள் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன்.