யார் எங்கே உட்காருவது

பழவேற்காடு ஏரியில் ஆறு வருடம் படகு ஓட்டினேன். மீன்பிடி வேலை இல்லை. தண்ணீரையும் சேற்றையும் அள்ளிப் பரிசோதிக்கிற ஆராய்ச்சிக்காரர்களையும் மாணவர்களையும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். 24 அடி ஃபைபர் படகு, பின்னால் 9.9 குதிரைத்திறன் எஞ்சின்.

சேர்ந்த புதிதில் எஞ்சினைத் தெரிந்துகொண்டால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் என்று நினைத்தேன். அதுவும் தெரிய வேண்டியதுதான். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில், ஓட்டுகிறவன் விழுந்தால் எஞ்சினை நிறுத்தக் கையில் கட்டிய கயிறு இழுபட்டால் எஞ்சின் நிற்கிறதா என்று கரையிலேயே ஒருமுறை சோதனை, அப்புறம் எஞ்சினைக் குளிரவைத்துவிட்டு அதன் பக்கத்தில் நூல் மாதிரி பீய்ச்சுகிற தண்ணீர் மேல் எப்போதும் ஒரு கண். இந்த ஏரி பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லை, எஞ்சினைக் கொஞ்சம் தூக்கி வைத்துத்தான் ஓட்டணும், அதிகமாகத் தூக்கிவிட்டால் தண்ணீர் உறிஞ்சும் துவாரம் வெளியே வந்து சூடேறிவிடும், தூக்காவிட்டால் சேறும் பாசியும் ஏறி அடைத்துக்கொள்ளும். அந்த நூல் மெலிந்தால் உடனே நிறுத்திவிடுவேன்.

ஆனால் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் எஞ்சினைப் பற்றி அதிகம் பேசமாட்டார். கரையில் நின்று ஆட்களைத்தான் பார்ப்பார். யார் கனம், யார் பயப்படுகிறார், யார் கேமரா வைத்திருக்கிறார். "எஞ்சின் தள்ளும், அவ்வளவுதான். படகு நிமிர்ந்து நிற்கிறது ஆளுங்க உட்கார்ற விதத்துல" என்பார்.

அது எனக்குப் புரிய ஒரு ஜனவரி காலை தேவைப்பட்டது. எட்டு மாணவர்கள். மேற்கே திட்டு ஓரமாகப் பூநாரைக் கூட்டம் நின்றது, நான் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன், யாரோ "அங்க பாருங்க" என்றதும் ஆறு பேர் ஒரே பக்கமாக எழுந்துவிட்டார்கள். படகு சாய்ந்தது. பயத்தில் நான் ஆக்சிலேட்டரைப் பட்டென்று மூடினேன், செய்யக்கூடாத காரியம் அதுதான். படகு நின்றாலும் அது பின்னால் எழுப்பிவந்த அலை நிற்காது, பின்பலகையைத் தாண்டி அப்படியே உள்ளே விழுந்தது. கணுக்கால் அளவு தண்ணீர். உள்ளே வந்த தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடிச் சேரும், அது இன்னும் சாய்க்கும். "உட்காருங்க" என்று கத்தினேன், உட்கார்ந்தார்கள், தப்பித்தோம். உயிர்காப்பு ஜாக்கெட் எட்டும் இருந்தன. இருக்கைக்கு அடியில், கட்டுப் பிரிக்காமல்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில்தான் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். கிறிஸ்துமஸ் நாளில் குடும்பத்தோடு வந்தவர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு தேக்கடியில் 45 பேர். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஜாக்கெட்டுகளை இருக்கைக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு கரையில் இரண்டு நிமிடம் பேசாமல் படகை எடுத்ததில்லை. ஜாக்கெட் மாட்டி வாரைப் பூட்டினால்தான் ஏறலாம், கனமானவர்கள் நடுவில், மற்றவர்கள் இரண்டு பக்கமும் சமமாக, எழுந்திருக்கணும் என்றால் முதலில் என்னிடம் சொல்லணும், நான் வேகத்தை மெதுவாகக் குறைத்த பிறகு ஒருவர் மட்டும். பறவை வந்தால் படகைத் திருப்பி எல்லாருக்கும் காட்டுவது என் பொறுப்பு.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது, பெட்ரோல் செலவு இறங்கியது. முன்பெல்லாம் ஏறியவர்கள் என்னிடம் பேசிக்கொண்டு பின்னால் குவிந்துவிடுவார்கள். அமரம், அதாவது படகின் பின்பக்கம், அமுங்கி, அணியம் என்கிற முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், எஞ்சின் கத்தும், படகு தன் அலைமேலேயே ஏற முடியாமல் முக்கும். நடுவில் உட்கார வைத்து, முழு வேகத்திலிருந்து கால்வாசி குறைத்தால் போய்ச்சேரும் நேரம் பெரிதாக மாறவில்லை, டேங்கில் மட்டும் மிச்சம் இருந்தது. அணியத்தில் குவிந்தாலும் தப்புதான், மூக்கு தண்ணீரை உழும். முகத்துவாரத்தில் அது ஆபத்தாகவே ஆகிவிடும்: ஏரித்தண்ணீர் வெளியே வடிகிற நேரத்தில் கடல்காற்று எதிரே அடித்தால் அலை குத்தாக நிற்கும், உள்ளே திரும்பும்போது ஒரு அலையின் முதுகிலேயே, அதை முந்தாமல் வரணும், மூக்கு கனத்திருந்தால் முன்னால் குத்தி, பின்னால் வருகிற அலை படகைக் குறுக்கே திருப்பிவிடும்.

ஒருமுறை ஒரு அதிகாரி, படகு நிறைந்த பிறகு இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். "ரெண்டு பேர்தானே தம்பி, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." முடியாது சார், இன்னொரு நடை வருகிறேன் என்றேன். அவருக்குக் கோபம், மேலிடத்தில் சொல்வேன் என்றார். வேலை போகும் என்ற பயம் எனக்கும் இருந்தது, ஆனாலும் படகைத் தள்ளிவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினேன். வாடைக்காற்று ஏறியிருந்தது, ஏரி முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளை நுரை. அவர் கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல் ஜாக்கெட்டை வாங்கி மாட்டி, வாரை இழுத்துப் பூட்டிக்கொண்டு, "நான் எங்க உட்காரணும்?" என்று கேட்டார்.

"நடுவுல சார்" என்றேன்.