படம் காட்டி எழுதச் சொல்லும் தாள்: டச்சு இசைக் காட்சி வந்தால் என்ன செய்வது?

ரிசல்ட் வந்துவிட்டது. எம்.ஏ. கலை வரலாற்றில் எல்லோரும் பயப்படும் படத்தாளில் நினைத்ததைவிட நல்ல மதிப்பெண். பெயர் சொல்லாமல் ஓர் ஓவியத்தைக் காட்டி அதைப் பற்றி எழுதச் சொல்லும் தாள் அது. நேராக 17ஆம் நூற்றாண்டு டச்சுப் பகுதிக்கு வருகிறேன். பெரிய கேள்வி அங்கிருந்துதான் வந்தது: தலைப்பில்லாமல் டச்சு ஓவியர் வெர்மீரின் ‘இசைப் பாடம்’.

வகுப்பில் சுற்றும் நோட்ஸில் எல்லா இசைக் காட்சிக்கும் ஒரே பதில்தான்: இசை என்றால் காதல், இல்லாவிட்டால் நிலையாமை. எந்தப் படத்துக்கும் ஒட்டுகிற பதிலைப் படித்துத் திருத்துபவருக்கும் அலுத்துப்போயிருக்கும்.

நான் நம்பியது ஒரே கேள்வியை: படத்தில் யாரும் வாசிக்காத கருவி எது?

‘இசைப் பாடத்தில்’ பெண் நமக்கு முதுகு காட்டி விர்ஜினல் என்ற விசைப்பலகைக் கருவி முன் நிற்கிறாள், பக்கத்தில் ஓர் ஆண். அவளுக்குப் பின்னால் தரையில் வயோலா ட காம்பா (வில்லால் வாசிக்கும் பெரிய தந்திக் கருவி) ஒன்று சும்மா கிடக்கிறது. அதை எடுத்து வாசிக்க வேண்டியவர் யார்? என் விடை இங்கேதான் தொடங்கியது. டச்சுக் கவிஞர் யாகோப் காட்ஸ் 1618இல் வெளியிட்ட, படமும் பாட்டுமாகக் கருத்துச் சொல்லும் ‘எம்பளம்’ நூலில் ஒருவன் லூட் என்ற தந்திக் கருவியை மீட்ட, தொடாத இன்னொரு லூட்டும் சேர்ந்து அதிரும். மனமும் மனமும் ஒத்து அதிர்வதற்கான உவமை அது. அதை இங்கே இணைத்தேன். அடுத்து, மேலே தொங்கும் கண்ணாடி. நேரில் விர்ஜினலைப் பார்க்கும் பெண்ணின் முகம், பிம்பத்தில் அந்த ஆண் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஓவியர் படத்தை நிறுத்திவைத்து வரையும் தாங்கியின் கால்கூட அதில் தெரிகிறது. விர்ஜினலின் மூடியில் லத்தீன் வரி: இசை மகிழ்ச்சிக்குத் துணை, துயருக்கு மருந்து. இவ்வளவும் சொன்ன பிறகுதான் ‘காதல்’ என்று எழுதினேன்.

கருவி கைகொடுக்காவிட்டால் சுவரைப் பாருங்கள். வெர்மீரின் ‘இசைக் கச்சேரியில்’ பின்சுவரில் தொங்குவது இன்னொரு டச்சு ஓவியர் பாபுரென் 1622இல் வரைந்த ‘தரகி’ (விலைமாதுக்கு ஆள் பிடித்துத் தருபவள்). அது வெர்மீரின் மாமியார் மரியா தின்ஸிடம் இருந்த படம். அதை வைத்து இந்தப் பெண்களையும் விலைமாதர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், முரண் காட்டவும் ஓவியர் அப்படி மாட்டலாம். (‘கச்சேரி’ 1990இல் பாஸ்டனில் திருடுபோய் இன்னும் கிடைக்கவில்லை. ‘தரகி’ அதே ஊர் நுண்கலை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது!)

எனக்கு ஆண்டுகள் மனதில் நிற்காது, பத்தாண்டுக் கணக்கோடு சமாளித்தேன். மனப்பாடம் வருகிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். அவசரத்துக்கு:

- ‘இசைப் பாடம்’: 1660களின் முதல் பாதி. 1762இல் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வாங்கியபோது ஃபிரான்ஸ் வான் மீரிஸ் வரைந்ததாக நினைத்தார்கள்.
- டெர் போர்க்கின் ‘கச்சேரி’ (பெர்லின்): இங்கேயும் முதுகு காட்டும் பெண். சாட்டின் துணியை விடாமல் எழுதுங்கள்.
- யான் ஸ்டேனின் படம்: ஹார்ப்ஸிகார்ட் என்ற விசைப்பலகைக் கருவியில் பெண், கேட்கும் இளைஞன், பின்னால் பெரிய லூட்டோடு வரும் பையன். வாசிக்காத கருவி இங்கே நடந்தே வருகிறது.
- பளிங்குத் தரையைப் பார்த்து ‘டச்சு வீடுகள் இப்படித்தான் இருந்தன’ என்று எழுதக் கூடாது. நிஜ வீடுகளில் அது அபூர்வம்.

பயிற்சிக்கு வெர்மீரின் ‘காதல் கடிதம்’ போதும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத் தளத்தில் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் பெண்ணின் கையில் சிட்டர்ன் என்ற தந்திக் கருவி இருக்கிறது, ஆனால் வாசிக்கவில்லை. நோட்ஸை மூடிவைத்துவிட்டு, ஏன் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.