“இது வேற” என்றேன்

தூண்டில் போடக் கூட்டிப்போன இடத்தில் என் மாணவன் ஒருவன் கேட்டது ஒரே கேள்விதான். அதற்கு “இது வேற” என்றேன். எது வேறு என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் சரியாகச் சொல்ல வரவில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர். தெருமுனையில் கால்வாய் ஓடுகிறது, ஆனால் ஒருத்தர்கூடத் தூண்டில் பிடித்ததில்லை. “தண்ணிப் பக்கம் போகாத” என்று சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். குளத்தில் போட்டால் மீன்பாசிக் குத்தகைக்காரர் சண்டைக்கு வருவார். அதனால் பாளையங்கால்வாயில், முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். மூங்கில் கம்பு, தங்கூசி, செருப்பில் வெட்டிய தக்கை, சிரட்டையில் மண்புழு.

முந்தின வாரம் வகுப்பில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். சிலேபி நம்ம மீன் இல்லை, 1952-ல் கொண்டுவந்து விட்டது, இரைக்கும் இடத்துக்கும் நம்ம மீனோடு போட்டி போடும் என்றேன். தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் வைத்திருக்கும் ஒரு கெண்டை உண்டு, 1954-ல் பெயரிட்டார்கள், அதையெல்லாம் நாம்தான் காப்பாற்றணும் என்றும் சொன்னேன். ஆகவே சட்டம் இது: கெண்டைக் குஞ்சு மாட்டினால் திரும்ப விடணும், சிலேபி மாட்டினால் விடவே கூடாது.

முதல் மீன் அவனுக்குத்தான் மாட்டியது. தக்கை முங்கும்வரை பொறுல என்று சொல்லியும், லேசாக ஆடினதுமே வெடுக்கென்று இழுத்துவிட்டான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலேபி. தூண்டில் முள் வாயில் இல்லை, முதுகுத் துடுப்பின் ஓரத்தில் ஏறியிருந்தது. இதெல்லாம் பிடித்த கணக்கில் சேராது என்று மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே மீன் வாயைத் திறந்தது. புல்லில் குஞ்சுகள் கொட்டின. கண்ணும் வாலும் மட்டும்தான் தெரிந்தது. ஒரு பிள்ளை கத்தியே விட்டாள்.

எனக்கோ பாடம் நடத்துகிற உற்சாகம். தாய் மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துத்தான் காக்கும், அந்த நாட்களில் பெரும்பாலும் இரையே எடுக்காது, அதனால்தான் வாயில் முள் ஏறவில்லை என்று விளக்கினேன். அதே மூச்சில், “விட்டுருல” என்றேன்.

“சார், சிலேபிய விடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?”

“இது வேற.”

குனிந்து முள்ளைக் கழற்றினான். கழற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: “எங்கம்மைட்ட மீன் கொண்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன் சார்.”

கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஐந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருத்தி அழப் போகிறாள், அந்த நேரத்தில் வேறு எந்த வாத்தியாரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஒரு சிலேபியும் முப்பது குஞ்சும் தண்ணீருக்குத் திரும்பிப் போனதால் கால்வாய் ஒன்றும் கெட்டுவிடாது, அது ஏற்கெனவே சிலேபிக் கால்வாய்தான். சரி, அப்படியென்றால் வகுப்பில் அவ்வளவு ஆவேசம் எதற்கு? இரக்கத்தைத்தான் சொல்லிக் கொடுத்தேன் என்றும் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். இரக்கம் என்னுடையது, போன மீன் அவனுடையது. வேறு யார் கையில் மாட்டியிருந்தாலும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன் என்பதும் உண்மை. மற்ற ஐந்து பேருக்கும் அது விளையாட்டு.

அதன்பிறகு அன்றைக்கு எதுவும் மாட்டவில்லை. தலைமையாசிரியர் ஆறு தலையையும் எண்ணிப் பார்த்துவிட்டு “நல்லது” என்றார். அவருடைய பயமெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். ராத்திரி வீட்டில் சாளை மீன் குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

போன வாரம் சாயந்தரம் கால்வாய்ப் பாலத்தில் அவனைப் பார்த்தேன். கையில் ஒரு கேரிபேக், உள்ளே ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான்.

“வணக்கம் சார்” என்றான். நானும் வணக்கம் சொல்லிவிட்டு, பைக்கை நிறுத்தாமல் வந்துவிட்டேன்.