இரவு இரண்டு மணி நீர்வரத்து

ஏப்ரல் 3, 2023

கலிபோர்னியா மலைமேல் பிலிப்ஸ் ஸ்டேஷனில் இன்று பனி அளக்கும் குழாயை இறக்கிப் பார்த்தார்கள். 126.5 அங்குலப் பனி. உருக்கினால் 54 அங்குலத் தண்ணீர். போன ஏப்ரலில் இதே இடத்தில் இருந்தது 2.5 அங்குலப் பனி. மாநிலம் முழுக்கச் சராசரியில் 237 சதவீதம், எங்கள் தென் சியெரா மலையில் மட்டும் 300.

எங்கள் அணை அலுவலகத்தில் மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 4

அப்பாவுக்கு ஏக்கர் அடி என்றால் பிடிபடாது. "டிஎம்சியில சொல்லும்மா." சொன்னேன். எங்கள் பைன் ஃபிளாட் அணையின் கொள்ளளவு 10 லட்சம் ஏக்கர் அடி, அதாவது 43.56 டிஎம்சி. மேட்டூர் 93.47. அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "பாதி கூட இல்ல. இதுக்கா இவ்ளோ அலட்டல்?"

மேட்டூரின் பதினாறு கண் மதகில் வேலை பார்த்தவர். அவர் காலமெல்லாம் வராத தண்ணீருக்குக் காத்திருந்தவர். இங்கே தண்ணீர் வந்தாகிவிட்டது அப்பா, மலைமேல் உட்கார்ந்திருக்கிறது, எப்போது இறங்கும் என்பதுதான் தெரியாது, இறங்கினால் இந்த அணையை இரண்டு தடவைக்கு மேல் நிரப்பும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப இப்பவே காலி பண்ணு." அவ்வளவுதான், ஒரு வாரக் கூட்டத்தில் நாங்கள் வந்து சேர்ந்த முடிவு.

ஏப்ரல் 9

குளிர். நல்லது.

ஏப்ரல் 13

காலையிலேயே ஒரு விவசாயி போன் செய்தார். தக்காளி போடுகிறவர். மூன்று வருடம் வறட்சி, கிணற்றை ஆழப்படுத்தியே கடனாளி ஆனவர். "அணையில் இடம் இருக்கும்போது எதற்குத் திறந்துவிடுகிறீர்கள்?" கோபம்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

இடம் இருக்கிறது என்றால் நாங்கள் திறந்ததால்தான் இருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக ஒலிக்கிறது என்று தெரிந்தது. எங்கள் அணை நிற்கும் கிங்ஸ் ஆற்றில் விநாடிக்கு முதல் 4,750 கன அடி வடக்கே சான் வாக்கின் ஆற்றுப் பக்கம் போகும். அதற்கு மேல் உள்ளது தெற்கே, வற்றவைத்து வயலாக்கிய டுலாரே ஏரிப் படுகைக்கு. அவர் நிலம் தெற்கே. இப்போது திறந்தாலும் அவருக்கு வெள்ளம், ஜூனில் மொத்தமாகத் திறந்தால் இன்னும் பெரிய வெள்ளம். இதைத்தான் வேறு வார்த்தைகளில் பத்து நிமிடம் சொன்னேன். கடைசியில் "சரி, தேங்க்ஸ்" என்றார்.

என் எக்செல் தாளில் அந்தக் கட்டத்துக்குப் பெயர் 'தெற்கு'. வெறும் தெற்கு.

ஏப்ரல் 21

படகுத் துறைக்குப் போனேன். தண்ணீர் இறங்க இறங்கக் கரையில் கோடு விட்டுப் போயிருக்கிறது, நாளுக்கு ஒன்றாக, பாட்டி முறத்தில் சாணம் மெழுகிய விரல் தடம் மாதிரி. மேலே உள்ள கோடுகள் காய்ந்து வெடித்துவிட்டன. கடைசிக் கோட்டில் ஒரு பீர் டின், நைலான் நரம்பு சுற்றிய ஒரு தூண்டில் முள். முள்ளை எடுத்துக் குப்பையில் போட்டேன். தடங்களை எண்ணப் பார்த்தேன். பதினேழுக்கு மேல் குழம்பிவிட்டது.

ஏப்ரல் 28

ஃப்ரெஸ்னோவில் வெயில் 90 ஃபாரன்ஹீட் தாண்டியது. ஊரே அரை டிரவுசரில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறது. எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பகலில் உருகுவது பகலில் வருவதில்லை. சாயங்காலம் மூன்று, நான்கு மணிக்கு மேலே சொட்டத் தொடங்கினால் ஓடை ஓடையாகச் சேர்ந்து கீழே வர இரவாகிவிடும். மறுநாள் மதியம் குறையும், மறுபடி ஏறும். ஒரே நாளில் ஒரு மேடு, ஒரு பள்ளம். மேட்டின் உச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் இரவு இரண்டு மணிக்கு எழுந்தாக வேண்டும். யாரும் எழச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் தானே பதிந்துகொள்ளும். ஆனாலும் எழுகிறேன்.

ஏப்ரல் 29

2.10. நேற்றைவிட அதிகம்.

ஏப்ரல் 30

2.00. அதைவிட அதிகம். இவர் விழித்துக்கொண்டு "அது காலையிலும் அங்கேயேதான் இருக்கும்" என்றார். இருக்காது, குறைந்திருக்கும், அதுதானே விஷயம்!

மே 2

குளிர் திரும்பிவிட்டது. பிள்ளையாருக்குத் தேங்காய் கடன்.

மே 6

பனியை எடை போடும் மெத்தைகளைப் பற்றி ஒரு பெரிய சண்டை. மெத்தை என்றால் மெத்தை இல்லை, திரவம் நிரப்பிய தட்டையான பை. மேலே விழும் பனியின் பாரத்தைச் சொல்லும். எங்கள் மலை 14,000 அடி வரை போகிறது. மெத்தைகள் பெரும்பாலும் அதற்கு வெகு கீழே. பத்தாயிரம் அடிக்கு மேல் நிற்பதை விமானத்தில் பறந்து லேசர் அடித்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை.

அலுவலகத்தில் 1983 வெள்ளத்தைப் பார்த்த ஒரே மனிதர், அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறவர், காபியைக் கலக்கிக்கொண்டே "பெரிய எண்ணை நம்பு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பத்தாயிரம் அடிக்கு மேல். பத்தாயிரம் அடிக்கு மேல். பல் தேய்க்கும்போதும் இதே.

மே 14

ஞாயிறு. யாரிடமும் சொல்லாமல் டுலாரே படுகையில் இருக்கும் கார்க்கரன் ஊர் வரை காரோட்டிக்கொண்டு போனேன். கரையை உயர்த்துகிறார்கள், மண் லாரி ஒன்றன்பின் ஒன்றாக. அந்தப் பக்கம் ஏரி. சாலை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது, நடுவே மஞ்சள் கோடும் அப்படியே உள்ளே போகிறது. மின்கம்பங்கள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றன. அலை அடித்தது. வயலில் அலை! பாத்தி, வாய்க்கால், பம்ப் செட் எல்லாம் அடியில். ஒரு வெள்ளை நாரை எதுவும் நடக்காத மாதிரி நடந்தது.

ஒரு காலத்தில் மிசிசிப்பிக்கு மேற்கே இதைவிடப் பெரிய நன்னீர் ஏரி கிடையாது. இங்கத்திப் பூர்வகுடிகளான யோகட்ஸ் மக்கள் வைத்த பெயர் பாஷி. ஆறுகளை வாய்க்காலில் திருப்பி, ஏரியை வற்றவைத்து, பருத்தி போட்டார்கள். 1983-இல் வந்தது, 1997-இல் வந்தது, இப்போது வந்திருக்கிறது. ஏரி தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று அழகாக எழுதுகிறார்கள். எழுதட்டும். அந்தத் தக்காளிக்காரர் பம்ப் செட் இதில் எது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

'தெற்கு' இப்படித்தான் நாறும் என்று தெரியாது. பெட்ரோல், அழுகிய வைக்கோல்.

மே 20

1.55. 2.20. 2.50.

மே 24

அப்பா கூப்பிட்டார், எடுக்கவில்லை.

ஜூன் 5

மேகம் மூடியே கிடக்கிறது. ஜூனில் ஸ்வெட்டர். கலிபோர்னியாவே வெயில் வரவில்லை என்று புலம்புகிறது, நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறேன். ஒரேயடியாக உருகாமல் தவணை முறையில் உருகுகிறது. அணை நாங்கள் வரைந்த கோட்டை ஒட்டியே ஏறுகிறது. இதில் எங்கள் திறமை எவ்வளவு, மேகத்தின் தயவு எவ்வளவு என்று மேலதிகாரி கேட்டால் பதில் தயாராக இல்லை. கேட்கமாட்டார்.

ஜூன் 12

மேட்டூர் திறந்துவிட்டார்கள், சொன்ன தேதியில். அப்பா வீடியோ அனுப்பினார். முதலமைச்சர் பூ தூவுகிறார், கீழே நுரை. "103 அடி இருக்கும்மா. டெல்டாவுக்குப் போகுது." குரலில் அப்படி ஒரு பூரிப்பு. தண்ணீரைத் திறந்துவிட்டதற்கு ஒரு ஊரே பூ போடுகிறது!

மூன்று தடவை பார்த்தேன். பிறகு இவரிடமும் காட்டினேன்.

"அங்க என்ன லெவல்?" என்று அப்பா கேட்டார். சொன்னேன். டிஎம்சியில்.

ஜூன் 15

நேற்று இரவு எழவில்லை. காலையில்தான் பார்த்தேன். தெற்குக் கட்டத்தில் இன்னும் எண் இருக்கிறது.